பன்றியின் இருமலும் மனிதனின் மூளைக்காய்ச்சலும்

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சலோடு படுக்கத் தொடங்கினார்கள். முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம், பிறகு நினைவு தப்பிப்போதல். ஆண்டு முடிவதற்குள், பின்னால் நிப்பா என்று பெயர் பெற்ற அந்த நோய் தெற்கே இறங்கி, நெகிரி செம்பிலானில் சிகாமட்டையும் புக்கிட் பெலாண்டோக்கையும் தொட்டுவிட்டது. புக்கிட் பெலாண்டோக் அன்று நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்புப் பகுதி. 1999 மே மாதம் எல்லாம் அடங்கியபோது, அதிகாரப்பூர்வக் கணக்கின்படி மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். ஏறத்தாழ 11 லட்சம் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இன்று கோலாலம்பூரில் இருபது வயதுத் தமிழ்ப் பிள்ளைகளிடம் நிப்பா என்றால், கேரளாவில் வந்த காய்ச்சல்தானே என்கிறார்கள். 2018-இல் கோழிக்கோட்டிலிருந்து வந்த செய்திகள்தான் அவர்களுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் கிருமிக்குப் பெயர் தந்தது புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் உள்ள சுங்கை நிப்பா என்ற கிராமம். நம் வீட்டு வாசலில் பிறந்த கதை இது. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது மருத்துவமனைப் பகுதி அல்ல, கொட்டகைப் பகுதி. அந்த மாதங்களில் மனிதர்களைப் பார்த்த அளவுக்குப் பன்றிகளையும் பார்த்திருந்தால், விடை இன்னும் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. அதைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கிருமி மலேசியாவுக்குப் பழையது. பன்றியின் இரத்தத்தில் பெருகும். வயல்களிலும் தேங்கிய நீரிலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். பன்றிப் பண்ணை, கொசு, மூளைக்காய்ச்சல் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. சில நோயாளிகளின் இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஆன்டிபாடிகளும் (கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதங்கள்) தென்பட்டன. கிராமம் கிராமமாகக் கொசுமருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

பொருந்தாத சங்கதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயது ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆனால் பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்தும் பன்றியைத் தொடாதவர்களுக்கு நோய் வரவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் அடுத்தடுத்துப் படுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த பன்றி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சினைப்பன்றிக்குக் குட்டி செத்துப் பிறக்கலாம், அவ்வளவுதான். இந்தப் பண்ணைகளிலோ பன்றிகள் இருமிக்கொண்டிருந்தன.

சாதாரண இருமல் இல்லை. தொண்டை கிழிகிற, நாய் குரைப்பது போன்ற இருமல். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். வளரும் பன்றிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. தாய்ப்பன்றிகளில் சிலவற்றுக்குக் கால் இழுத்தது, தலை கம்பியில் மோதியது, சில திடீரென்று செத்து விழுந்தன. ஆனால் மொத்தத்தில் செத்தவை குறைவு, நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. பண்ணை முழுவதும் தொற்று பரவியிருந்தும் பெரும்பாலான பன்றிகள் தேறிவிட்டன. இதுதான் கண்ணை மறைத்தது. பண்ணையில் பன்றிகள் கூட்டமாகச் செத்திருந்தால் கால்நடை மருத்துவர்களின் கவனம் முதல் வாரமே திரும்பியிருக்கும். இருமிவிட்டுத் தேறும் பன்றிக்கு யார் ஆராய்ச்சி செய்வது? பன்றிக்கு இருமல் வர நூறு காரணம் உண்டு.

ஒரே கிருமி பன்றிக்கு இருமலையும் மனிதனுக்கு மூளைக்காய்ச்சலையும் தருவது எப்படி? நிப்பா உயிரணுவுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் எஃப்ரின்-பி2, எஃப்ரின்-பி3 என்னும் இரண்டு புரதங்கள். இது 2005 வாக்கில்தான் தெரிய வந்தது. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் இவை நிறைய உண்டு. மனித உடலில் கிருமி சிறு இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தின்றுவிடுகிறது. மூளையின் நுண்குழாய்கள் அடைபட்டு, அங்கங்கே சின்னச் சின்னத் திட்டுகளாகத் திசு செத்துப்போகிறது. பன்றியிலோ கிருமி மூச்சுக்குழாய்ச் சுவரிலும் தொண்டைச் சதைகளிலும் கொழுத்துப் பெருகுகிறது. ஒவ்வொரு இருமலிலும் சளித்துளிகளாக வெளியே வந்து, கொட்டகை கழுவுபவரின் முகத்தில் விழுகிறது. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பெரிதாகப் பரவாமல், பன்றியைத் தொட்டவரோடு நோய் நின்றதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். பங்களாதேஷில் 2001 முதல் வந்துகொண்டிருக்கும் நிப்பா வேறு வகை. அங்கே பன்றியே இடையில் இல்லை. வௌவால் நக்கிய ஈச்சம்பாளை நீரிலிருந்து மனிதனுக்கு நேராக வருகிறது, பிறகு மனிதனிடமிருந்து மனிதனுக்கும் தொற்றுகிறது.

முடிச்சை அவிழ்த்தது மலாயாப் பல்கலைக்கழகம். இந்திய ஆய்வியல் துறையால் நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த அதே வளாகத்தில், மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச் தொடக்கத்தில் நோயாளி ஒருவரின் முதுகுத்தண்டு நீரை எடுத்து உயிரணு வளர்ப்பில் விட்டுப் பார்த்தார். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கும் அந்த உயிரணுக்கள் தட்டில் தனித்தனியாக ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளில் அவை தங்கள் எல்லைகளை இழந்தன. பக்கத்து உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் மிதக்கும் பெரிய பிண்டங்களாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இப்படிச் செய்வதில்லை. இது தட்டம்மையின் உறவுக்காரக் குடும்பம் செய்யும் வேலை. மாதிரிகளோடு அவர் அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வில், 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குதிரைகளையும் ஒரு மனிதரையும் கொன்ற ஹென்ட்ரா கிருமியின் நெருங்கிய உறவு இது என்று தெரிந்தது. அந்த மாதத்திலேயே நடவடிக்கை திசை மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள்.

ஹென்ட்ராவின் பூர்வீகம் பழந்தின்னி வௌவால் என்று ஆஸ்திரேலியர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். ஆகவே இங்கேயும் கெலுவாங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அந்தப் பெரிய வௌவால்களைத் தேடினார்கள். தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, விடியலில் அவை கூடு திரும்பும்போது விழுந்த சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலும், பாதி கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா உயிரோடு கிடைத்தது.

அப்படியானால் ஈப்போ பக்கத்துப் பண்ணைக்குள் எப்படி வந்தது? பலரும் சொல்லிக் கேட்ட விளக்கம், 1997-இல் இந்தோனேசியக் காடுகள் எரிந்து புகைமூட்டம் சூழ்ந்தபோது வௌவால்கள் இரை தேடி இங்கே வந்தன என்பது. அந்தப் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த கோலாலம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போகும். ஆனால் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஏற்கவில்லை. முதல் பண்ணையைச் சார்ந்த நோயாளிகளைப் பின்னோக்கித் தேடிப் பார்த்தால், புகைமூட்டத்துக்கு முன்பே, 1997 தொடக்கத்திலேயே தொற்று இருந்ததற்கு அடையாளம் கிடைத்தது. புகை வரும் முன்பே கிருமி வந்துவிட்டது என்றால் புகையை எப்படிக் காரணமாக்குவது? அந்த ஆய்வு காட்டிய காரணம் நம் கண்ணெதிரே இருந்தது. பண்ணையில் சுமார் 30,000 பன்றிகள். கொட்டகையை ஒட்டியே மாமரத் தோப்பு. 1970களிலிருந்து இந்த நாட்டில் மாம்பழ விளைச்சலும் பன்றி எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன. வௌவால் மாம்பழத்தைக் கடிக்கிறது, மிச்சம் கொட்டகைக்குள் விழுகிறது, பன்றி தின்கிறது.

ஆனால் அது மட்டும் போதாது. வௌவால் எச்சில் ஒருமுறை விழுந்தால் பண்ணை முழுக்க வேகமாகப் பரவி, எல்லாப் பன்றிக்கும் ஒரு சுற்று வந்து, பிறகு தொற்றுவதற்குப் புதுப் பன்றி இல்லாமல் கிருமி தானே அணைந்துவிடும். அது ஏன் அணையாமல், மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருந்தது? இதற்கு விடை தாய்ப்பன்றியின் கருப்பையில் இருக்கிறது.

மனிதத் தாயின் இரத்தத்தில் உள்ள ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்குப் போய்விடும். பன்றிக்கு அந்த வசதி இல்லை. அதன் நஞ்சுக்கொடியில் தாய் இரத்தத்துக்கும் குட்டி இரத்தத்துக்கும் இடையே ஆறு அடுக்குத் திசு தடுப்பாக நிற்கிறது. 114 நாள் வயிற்றில் இருந்தும், பன்றிக்குட்டி நோய் எதிர்ப்பு என்று எதுவுமே இல்லாமல்தான் பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த முதல் நாளில் குட்டியின் குடல் ஆன்டிபாடிகளை முழுசாக உள்ளே விட்டுக்கொள்ளும். 24 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கதவு மூடிவிடும். நல்ல பண்ணையில் இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து, மெலிந்த குட்டியை மடியில் எடுத்து முலையில் வைப்பது இதற்காகத்தான். சீம்பால் குடிக்காத குட்டி முதல் வாரத்தைத் தாண்டுவதே கடினம்.

இப்போது நிப்பாவுக்கு வருவோம். முதல் சுற்றில் நோய் வந்து தேறிய தாய்ப்பன்றிகளின் சீம்பாலில் நிப்பாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். குட்டிகளுக்கு அது சில மாதங்கள் காவல். பிறகு கரைந்துவிடும். ஒரே நாளில் எல்லாக் குட்டிக்கும் கரையாது. வாரத்துக்குக் கொஞ்சமாகக் காவல் இழந்த பன்றிகள் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து வௌவாலிடமிருந்து கிருமி இரண்டாம் முறை நுழைந்தால், அதற்கு இரை தீர்வதே இல்லை. முதல் வருகை பண்ணையைப் பதப்படுத்திவிட்டது. இரண்டாம் வருகை அங்கேயே குடியேறியது. காவல் இழக்கும் வயதும், பன்றிகளை வளர்ப்புக்காக வேறு பண்ணைகளுக்கு விற்கும் வயதும் கிட்டத்தட்ட ஒன்று. லாரி ஏறியபோதே அவை தொற்றோடு ஏறின. இதைப் படித்த பிறகு பன்றியின் உடலியல் என்ற பாடம் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கியது. சீம்பாலைப் பற்றிய ஒரு சாதாரண உண்மை, நூற்றுச்சொச்சம் பேரின் சாவுக்குப் பின்னால் நிற்கிறது.

பண்ணையிலிருந்து பண்ணைக்குப் பரப்பியதில் மனிதக் கைக்கும் பங்குண்டு. ஒரே ஊசியால் வரிசையாகப் பல பன்றிகளுக்கு மருந்து ஏற்றினார்கள். ஆண் பன்றியின் விந்தைப் பண்ணைகள் பகிர்ந்துகொண்டன. ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் பீதி கிளம்பியதும் சிலர் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தெற்கே தள்ளிவிட்டார்கள். புக்கிட் பெலாண்டோக்குக்கு நோய் போனது இந்த வியாபாரத்தில்தான். அங்கிருந்து சிங்கப்பூர் அறுப்புக்கூடத்துக்கும் போனது; 1999 மார்ச்சில் அங்கே 11 தொழிலாளர்கள் நோயுற்று ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் மலேசியப் பன்றி இறக்குமதியை நிறுத்தியதும் அங்கே நோய் நின்றது.

கொன்று புதைக்கும் வேலையில் இராணுவத்தை இறக்கினார்கள். கால்நடைச் சேவைத் துறையின் மலாய், சீன, இந்திய அதிகாரிகள் எல்லோரும் பண்ணைகளில் இறங்கினார்கள். படைவீரர்களிலும் சிலருக்குத் தொற்று வந்தது. பிறகு தீபகற்பத்தில் மிஞ்சிய ஏறத்தாழ 900 பண்ணைகளிலும் இரத்தப் பரிசோதனை நடந்தது. தாய்ப்பன்றிகளிடமிருந்துதான் இரத்தம் எடுத்தார்கள். இறைச்சிக்கு வளர்க்கும் பன்றி ஆறு மாதத்தில் போய்விடும். தாய்ப்பன்றி பண்ணையில் வருடக்கணக்கில் இருக்கும், அங்கே வந்துபோன ஒவ்வொரு கிருமியின் தடயமும் அதன் இரத்தத்தில் இருக்கும். ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம் அந்த மாதிரிகளைச் சோதித்தது. 50 பண்ணைகளில் தடயம் கிடைத்தது; அவற்றையும் அழித்தார்கள். அதற்குப் பின் இன்றுவரை மலேசியப் பண்ணைகளில் நிப்பா வெடிக்கவில்லை.

பன்றியிடம் இரத்தம் எடுப்பது என்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கம்பிச் சுருக்கை வாய்க்குள் விட்டு, மேல்தாடைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டி இறுக்குவார்கள். பன்றி முன்னால் பாயாது, பின்னோக்கியே இழுக்கும். அதனால் நான்கு காலையும் ஊன்றி ஓரிடத்தில் நின்றுவிடும். நின்றபடி அலறும். அந்த அலறல் காதைப் பிளக்கும். அதற்குள் மருத்துவர் குனிந்து, கழுத்து மார்பைச் சேரும் குழியில் நீள ஊசியைக் குத்தி, கண்ணுக்குத் தெரியாத இரத்தக் குழாயைக் கைப்பழக்கத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் முகத்துக்கும் அந்த வாய்க்கும் ஒரு முழம்கூட இருக்காது. 1999-இல் ஆயிரக்கணக்கான பன்றிகளிடம் இதைச் செய்தவர்கள், எந்தக் கிருமியோடு விளையாடுகிறோம் என்று தெரிந்தே செய்தார்கள்.

நிப்பாவுக்குப் பிறகு, பன்றிக் கொட்டகை அருகே பழமரம் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. சரியான முடிவு. ஆனால் கொட்டகை ஏன் திறந்து கிடக்கிறது என்ற கேள்வி பாக்கி. பன்றிக்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. நம் ஊர் வெயிலில் அதன் உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லாமல் திணறும்; தீனி எடுக்காது, சினை பிடிக்காது. அதனால்தான் பக்கச்சுவர் இல்லாத கொட்டகை, நிழலுக்கு மரம், நாளுக்குப் பல தடவை தண்ணீர் பீய்ச்சல். காற்று வரும் வழியில் வௌவாலும் பறவையும் கொசுவும் வரும். பீய்ச்சிய தண்ணீர் ஆற்றில் போய்ச் சேர்ந்து ஊரோடு சண்டை வரும். மூடிய கொட்டகை இதற்கு மாற்று. ஒரு பக்கம் ஈரத்தட்டிகள், மறுபக்கம் பெரிய விசிறிகள், உள்ளே குளிர்ந்த காற்று. பினாங்கு அரசு பல ஆண்டுகளாக இந்த முறைக்கு மாறச் சொல்லிவருகிறது. செலவு பெரிது, சின்னப் பண்ணைக்காரர் தயங்குகிறார். அவர் தயக்கம் புரிகிறது. ஆனாலும் திறந்த கொட்டகையை இனியும் நீட்டிக்கக் கூடாது என்பதே என் கருத்து.

பினாங்கின் செபராங் பிறைக்காரர்கள் இதை 2023 ஜனவரியில் வேறு வழியில் கற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்போது பினாங்குப் பண்ணைகளுக்குள் வந்தது. 1921-இல் கென்யாவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், 2018-இல் சீனாவுக்குள்ளும் 2021 பிப்ரவரியில் சபாவுக்குள்ளும் நுழைந்திருந்தது. சபாக் காடுகளில் தாடிப்பன்றிகள் செத்து விழுந்தன. மனிதருக்கு இது தொற்றவே தொற்றாது. ஞாயிற்றுக்கிழமை பன்றி வறுவல் செய்யும் வீடுகளில் அப்போது எழுந்த பயத்துக்கு ஆதாரம் இல்லை. நன்றாக வேகவைத்த இறைச்சியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பன்றிக்குத்தான் இது எமன். உடலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் அணுக்களுக்குள்ளேயே இது புகுந்து பெருகுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் குடியிருந்தால் யாரைக் கூப்பிடுவது? இரத்தக் குழாய்கள் கசிகின்றன, மண்ணீரல் கறுத்து வீங்குகிறது, நூற்றுக்கு நூறு என்ற அளவில் பன்றிகள் சாகின்றன. இந்தக் கிருமிக்கு 150-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. அவற்றில் பல, பன்றியின் எதிர்ப்பாற்றலை ஏமாற்றுவதற்கென்றே இருப்பவை. தடுப்பூசி செய்வது இவ்வளவு கடினமாக இருப்பது இதனால்தான். வியட்நாம் வலுக்குறைத்த உயிருள்ள தடுப்பூசியைப் பயன்படுத்துகிறது. அது மீண்டும் வலுப்பெற்றுவிடுமோ என்ற கவலை பல நாடுகளுக்கு இருக்கிறது.

இதில் நம்மவர்கள் நேரடியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோட்டப்புறங்களில் காட்டுப்பன்றி வேட்டையும் அந்த இறைச்சியைப் பங்கு போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோவதும் இன்றும் நடக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி உறைந்த இறைச்சியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். பூட்ஸ் அடியில் ஒட்டிய இரத்தமும், குப்பையில் போட்ட தோலும், நாய் இழுத்துக்கொண்டு போகும் எலும்பும் அடுத்த பண்ணைக்கு அழைப்பிதழ். காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியை வெட்டி எடுத்து வராமல், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

பன்றியின் நோயை ஆராய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் உடம்பு நம் உடம்புக்கு அவ்வளவு நெருக்கம். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம்; பல பத்தாண்டுகள் நீரிழிவு நோயாளிகள் அதில் வாழ்ந்தார்கள். பன்றியின் மூச்சுக்குழாயில் பறவைக் காய்ச்சலுக்கும் மனித ஃபுளூவுக்கும் உரிய ஏற்பிகள், அதாவது கிருமி பிடித்துக்கொள்ளும் கொக்கிகள், இரண்டும் இருப்பதால், இரண்டு கிருமிகளும் அங்கே சந்தித்து மரபணுக்களை மாற்றிக்கொள்ளலாம். 2009-இல் உலகைச் சுற்றிய எச்1என்1, பன்றிகளிடம் இப்படிக் கலந்து உருவான கிருமி. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் முதன்முதலாக மரபணு மாற்றிய பன்றியின் இதயம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் இரண்டு மாதம் வாழ்ந்தார். பிறகு அந்த இதயத்தில் பன்றிகளின் சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்திருந்தது தெரிந்தது. நல்ல கால்நடைப் பரிசோதனை மனித உயிரோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பிரிவில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் பூனை, நாய் மருத்துவமனைகளுக்குத்தான் போக நினைக்கிறார்கள். நகரத்தில் வருமானம் அங்கே இருக்கிறது, தப்பில்லை. ஆனால் பண்ணைக்குப் போகும் கால்நடை மருத்துவர் குறைந்தால், அடுத்த புதிய இருமலை முதலில் கேட்கப்போகிறவர் யார்? இன்று கொட்டகைகளில் வேலை செய்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நிறையப் பேர். காய்ச்சல் வந்தால் கிளினிக்கில் தொழிலைச் சொல்லத் தயங்குவார்கள், அல்லது சொல்ல மொழி இருக்காது. காய்ச்சலோடும் தலைச்சுற்றலோடும் வருபவரிடம், என்ன வேலை செய்கிறீர்கள், உங்கள் பண்ணையில் பன்றிகள் இருமுகின்றனவா, குட்டிகள் சாகின்றனவா என்ற மூன்று கேள்விகளை மருத்துவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். பதில் ஆம் என்றால் அன்றைக்கே கால்நடைத் துறைக்குத் தொலைபேசி போக வேண்டும்.